பெரிய டாக்டர் கடைசியாகப் பேசிய கூட்டம்

மீட்டிங் என்ற வார்த்தையைச் சொன்னதுமே உங்களில் பாதிப் பேர் முகம் வேப்பெண்ணெய் குடித்தது போல ஆகிவிட்டது. கவனித்தேன். தப்பில்லை, என் முகமும் அப்படித்தான் இருந்தது ஒரு காலத்தில். திருச்சி தில்லை நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நிர்வாக மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தில் பாதியை மீட்டிங் ஹாலில் கழித்திருக்கிறேன். அதில் பெரும்பகுதி சுத்த வெட்டி. இப்போது நீங்கள் புதிதாக நிர்வாகப் பொறுப்புக்கு வந்திருக்கிறீர்கள், ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அஜெண்டா போடுவது, நேரத்துக்கு முடிப்பது இதெல்லாம் சொல்லித் தர உங்களுக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன். அந்தக் கூட்டத்தால் ஒரு உயிர் தப்பியது. ஜம்பம் அடிக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அடித்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

முதலில் எங்கள் திங்கட்கிழமை மீட்டிங் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். பெரிய டாக்டர் நடுவில் உட்காருவார். மருத்துவமனை அவருடையது. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவர், கைராசிக்காரர், நல்ல மனிதர். ஆனால் அவர் வாயைத் திறந்தால் மற்ற வாய்களெல்லாம் தானாக மூடிக்கொள்ளும். அவர் ஒன்றைச் சொல்வார். "சரிங்க சார்", "சூப்பர் சார்" என்று வரிசையாகக் குரல் வரும். கதவைத் திறந்துகொண்டு டீ டிரே உள்ளே வரும். டீ வந்துவிட்டால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். சமோசாவை வாயில் போட்டுக்கொண்டு எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

உண்மையான மீட்டிங் அதற்குப் பிறகுதான் தொடங்கும். எங்கே என்கிறீர்களா? எதிர் வரிசையில் இருந்த டீக்கடையில். உள்ளே ஒரு டீ குடித்தவர்கள் அங்கே போய் இன்னொரு டீ குடிப்பார்கள். "சார் சொன்னது நடக்கிற காரியமாங்க?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அவ்வளவுதான், பொரிந்து தள்ளிவிடுவார்கள். அத்தனை அறிவும் அங்கேதான் வெளியே வரும். டீக்கடைக்காரருக்கு எங்கள் மருத்துவமனை பற்றிப் பெரிய டாக்டரைவிட அதிகம் தெரிந்திருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் டயாலிசிஸ் பிரிவை மன்னார்புரத்தில் கட்டிய புதுக் கட்டடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஒரு திங்கட்கிழமை பெரிய டாக்டர் முகமெல்லாம் சிரிப்பாக வந்து உட்கார்ந்தார்.

"வைகுண்ட ஏகாதசி அன்னிக்குத் திறந்துடலாம். அதைவிட நல்ல நாள் எது? முந்தின நாள் மெஷினையெல்லாம் கழட்டி அங்க கொண்டுபோய் மாட்டிடுங்க. ஏகாதசி காலைல விளக்கேத்தறோம், அன்னிக்கு டர்ன் இருக்கற பேஷண்ட்டெல்லாம் நேரா மன்னார்புரம் வந்துடட்டும். முதல் பேஷண்ட் நம்ம வேதவல்லி டீச்சர்."

வேதவல்லி டீச்சர் அவருக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். ஸ்ரீரங்கத்தில், கோயிலை ஒட்டிய வடக்குச் சித்திரை வீதியில் தனியாக இருந்தார். இரண்டு சிறுநீரகமும் போய், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எங்களிடம் டயாலிசிஸ் செய்துகொண்டு உயிரோடு இருப்பவர். அவர் கையால் புது யூனிட்டைத் தொடங்க வேண்டும் என்பது பெரிய டாக்டரின் ஆசை. ஆசையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"சூப்பர் சார்" என்றார்கள். டீ வந்தது. மத்தியானமே திறப்பு விழா அழைப்புப் பத்திரிகை அச்சுக்குப் போயிற்று. வாட்ஸ்அப் குரூப்பில் பெரிய டாக்டர் அதைப் போட்டதும் கட்டை விரலாக வந்து குவிந்தது.

நீங்கள் திருச்சிக்காரர்களாக இருந்தால் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பீர்கள். ஏகாதசி அன்று ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு ஆட்டோவைக் கிளப்பிக் காவிரிப் பாலத்தைத் தாண்டி எங்கள் பக்கம் வர முடியுமா? ஊரே ஆற்றுக்கு நடுவில் இருக்கும் அந்தத் தீவுக்குள் வந்து நிற்கும். அதனால்தான் வருடா வருடம் ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் நோயாளிகளை மட்டும் முந்தின நாளே வரவழைத்து, அவர்களுக்காகத் தனியாக ஒரு ஷிஃப்ட் ஓட்டி அனுப்பிவிடுவோம். எங்கள் யூனிட்டில் அது எழுதாத சட்டம். இந்த வருடம் அந்த முந்தின நாளில்தான் மெஷின்களைக் கழற்றச் சொல்லியாகிவிட்டது. அன்றைக்கு மெஷின் கிடையாது. மறுநாள் பாலத்தைத் தாண்ட வழி கிடையாது. அடுத்த டர்ன் வரை டீச்சர் உடம்பில் தண்ணீர் சேர்ந்துகொண்டே போகும். நுரையீரலில் ஏறினால் மூச்சு முட்டும். அவர் இதயம் ஏற்கெனவே பலவீனமானது.

அன்று நானும் டீக்கடைக்குப் போனேன். எங்கள் தலைமை டெக்னீஷியன் ஆரோக்கியராஜும் நர்சிங் கண்காணிப்பாளர் கலைச்செல்வியும் நின்றிருந்தார்கள். இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"ஏங்க, அன்னிக்குப் பாலம் தாண்ட முடியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியாம என்னங்க மேடம்? இதே ஊர்ல, பாலக்கரையில பொறந்தவன் நான்" என்றார் ஆரோக்கியராஜ்.

"அப்புறம் ஏன் வாயில கொழுக்கட்டை?"

அவர் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் எப்படிங்க மேடம் சொல்றது? சாரே பெருமாள் நாள்னு ஆசையா சொல்றாரு. நான் சர்ச்சுக்குப் போறவன். ஏகாதசி வேணாம்னு நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிடாதா?"

எனக்குச் சுருக்கென்றது. கூட வேலை பார்க்கிற மனிதன் மனதில் இப்படி ஒரு பூட்டு இருப்பது எத்தனை மீட்டிங் நடத்தியும் எங்களுக்குத் தெரியவில்லை பாருங்கள்.

கலைச்செல்வி பக்கம் திரும்பினேன். "போன தடவை ஒண்ணு சொல்லி, எப்பப் பாரு நெகட்டிவ்வா பேசுறேன்னு சார்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன் மேடம், போதும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "டீச்சருக்குப் போன் பண்ணி இந்த வருஷம் முந்தின நாள் ஷிஃப்ட் இல்லைன்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'சரிம்மா, பெருமாள் இருக்கார், பாத்துப்பார்'னு சொல்லி வச்சுட்டாங்க."

எனக்கு வந்த கோபத்தில் டீ கிளாஸ் உடையாமல் இருந்தது ஆச்சரியம். பெருமாள் பார்த்துப்பார், சரி. அப்புறம் நாம் எதற்கு மாதாமாதம் சம்பளம் வாங்குகிறோம்? டாக்டர் சொன்னதற்கு நாங்கள் சரி என்றோம். நாங்கள் சொன்னதற்கு டீச்சர் சரி என்றுவிட்டார். இத்தனை சரியும் சேர்ந்து ஒரு மனுஷியை மூச்சுத் திணற வைக்கப் போகிறது.

நேராகப் பெரிய டாக்டர் அறைக்குள் போய், "சார், தேதி தப்பு" என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். யோசித்தேன். சொன்னால் என்ன ஆகும்? "எல்லாரும் சரின்னாங்களே, உங்களுக்கு மட்டும் என்னம்மா?" என்பார். எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்பார். அவர்களும் அவர் முகத்தைப் பார்த்து, "சமாளிச்சுக்கலாம் சார்" என்பார்கள். அதோடு கதை முடிந்தது. அப்படியே அவர் என் பேச்சைக் கேட்டாலும், மாற்று வழி என் கையில் இல்லை. அது ஆரோக்கியராஜ் தலையிலும் கலைச்செல்வி தலையிலும் இருந்தது. அவர்கள் பேசினால்தான் வெளியே வரும். டீக்கடையில் பேசியதை மீட்டிங் ஹாலுக்குள் கொண்டுவந்தாக வேண்டும். என் வேலை அதுதான் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை அவர் அறைக்குப் போனேன்.

"சார், ஏகாதசி ஏற்பாட்டுக்கு இன்னொரு மீட்டிங் வேணும். ஒரே ஒரு நிபந்தனை. நீங்க கடைசியா பேசணும்."

"என்னம்மா சகுந்தலா, என் ஆஸ்பத்திரியில எனக்கே டர்னா?"

"வெளிய பேஷண்ட்டெல்லாம் டோக்கன் வாங்கிட்டு உக்காரலையா சார்? ஒரு நாள் நீங்களும் உக்காந்து பாருங்க."

சிரித்துவிட்டார். ஆனால் அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு முன்னால் இருந்த மேலாளர் இதே அறையில் எதிர்த்துப் பேசிவிட்டு அந்த மாதமே வேறு வேலை தேடிக்கொண்டவர்.

கூட்டத்தன்று முதல் காரியமாக டீயைத் தொடக்கத்திலேயே வரச் சொன்னேன். இது அற்ப விஷயம் என்று நினைக்காதீர்கள். கடைசியில் டீ என்றால் எல்லோர் கண்ணும் கதவு மேலேயே இருக்கும். குடித்து முடித்தாயிற்று என்றால் போக்கிடம் கிடையாது, பேசித்தான் தீர வேண்டும்.

இரண்டாவது, தேதி சரியா தப்பா என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் "சூப்பர் சார்"தான் வந்திருக்கும். "ஆளுக்கு ஒரு பேஷண்ட்டை எடுத்துக்குங்க. ஏகாதசி காலைல அவங்க வீட்டு வாசல்ல கூட நிக்கிறதா மனசுல நினைச்சுக்குங்க. மன்னார்புரத்துல மெஷின் பக்கத்துல உக்கார வைக்கிற வரைக்கும் கூட்டிட்டு வாங்க. வழியில என்னென்ன நடக்குதோ எல்லாத்தையும் சொல்லணும்" என்றேன். பெரிய டாக்டருக்கு வேதவல்லி டீச்சர். அவர்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கலைச்செல்வி உறையூர் பெரியவர் ஒருவரைப் பேச்சிலேயே கூட்டி வந்தார். உறையூர் ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்து சேர்ந்தார் மனிதர். பெரிய டாக்டர் முகத்தில் திருப்தி தெரிந்தது. அடுத்தது ஆரோக்கியராஜ். அவருக்குத் திருவானைக்காவலில் இருந்து வரும் ஒரு கடைக்காரரை வேண்டுமென்றே கொடுத்திருந்தேன்.

"காலையில எழுந்திரிச்சு ரெடியாயிடுவாருங்க. மகன் வண்டியில ஏறுவாரு. மெயின் ரோட்டுக்கு வருவாரு. அப்புறம்..." நிமிர்ந்து பெரிய டாக்டரை ஒரு பார்வை பார்த்தார். "அப்புறம் வந்துடுவாரு சார்."

"எப்படி வருவாரு?" என்றேன்.

ஏசி சத்தம் மட்டும் கேட்டது. மீட்டிங் நடத்துகிற எல்லோருக்கும் இந்த நிமிடம் வரும். அறை வாயை மூடிக்கொண்டிருக்கும், நம்மாலும் அதைத் தாங்க முடியாது, ஏதாவது பேசி நிரப்பிவிடலாம் என்று நாக்கு துறுதுறுக்கும். நிரப்பாதீர்கள். அந்த மௌனத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அன்றைக்கு நானும் விட்டேன்.

பெரிய டாக்டரால்தான் பொறுக்க முடியவில்லை. "அதான் வந்துடுவார்னு சொல்றாரே..." என்று ஆரம்பித்தார்.

நான் கையைத் தூக்கினேன். "சார், உங்க டர்ன் இன்னும் வரலை."

பெரிய டாக்டர் என்னை முறைத்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, ஆரோக்கியராஜையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு ஆரோக்கியராஜ் வாயைத் திறந்தார்.

"வர முடியாதுங்க மேடம். பாலத்துக்கு முன்னாடியே வண்டியை நிறுத்திடுவாங்க. எறங்கி நடக்க அவரால முடியாது."

அறையில் யாரோ "ம்" என்றார்கள். அடுத்து என் கண் பெரிய டாக்டரிடம் போனது. "சார், இப்ப உங்க டர்ன். டீச்சரைக் கூட்டிட்டு வாங்க."

அவருக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. வேகமாக ஆரம்பித்தார். "இதுல என்ன இருக்கு? டீச்சர் காத்தாலே தீர்த்தமாடி ரெடியா இருப்பார். அவா ஆத்து வாசல்ல ஆட்டோ..." நிறுத்தினார். "சித்திரை வீதிக்குள்ள அன்னிக்கு ஆட்டோ விடமாட்டான். சரி, வீல் சேர்ல வெளிய கொண்டு வரலாம். வடக்கு வாசல் பக்கம் கியூ நிக்கும். தெற்கே போனா ராஜகோபுரம் வரைக்கும் கூட்டம். அதைத் தாண்டி அம்மா மண்டபம் ரோடு..."

பேசப் பேச அவர் பேச்சு சிறுவயது வீட்டுப் பேச்சாக மாறிக்கொண்டே வந்ததை எல்லோரும் கவனித்தோம். அந்தத் தெருக்களில் ஓடி விளையாடியவர் அவர். இப்போதெல்லாம் ஏகாதசிக்குப் பாஸ் வாங்கிக்கொண்டு காரில் போய் வருகிறவர். கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நின்ற பழக்கம் விட்டுப்போயிருந்தது. அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாட்டிக்கொண்டு நின்றார். டீச்சரை அவரால் பாலத்துக்குக்கூடக் கொண்டுவர முடியவில்லை.

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"முந்தின நாள் ஷிஃப்ட்?" என்று கேட்டார்.

"முந்தின நாள் மெஷின் இருக்காது சார்" என்றார் கலைச்செல்வி.

"இது உங்க யாருக்கும் தெரியாதா?"

"எல்லாருக்கும் தெரியும் சார்" என்றேன்.

"அப்ப போன வாரம் ஏன் ஒருத்தர்கூட வாயைத் திறக்கலை?" மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். காலி டீ கிளாஸெல்லாம் குதித்தன.

ஆரோக்கியராஜ் தலை குனிந்தது. கலைச்செல்வி கண் கலங்கியது. இந்த இடத்தில் யார் மேலாவது பழி விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் ஆயுளுக்கும் பேச மாட்டார்கள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"சார், போன வாரம் நீங்க முதல்ல பேசினீங்க. இன்னைக்குக் கடைசியா பேசுறீங்க. வித்தியாசம் அவ்வளவுதான். ஆளுங்க அதே ஆளுங்கதான்."

அவர் என்னையே பார்த்தார். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். மெதுவாகக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி. நான் பேசலை. நீங்க சொல்லுங்க, என்ன பண்ணலாம்?" என்றார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததைத்தான் நான் மீட்டிங் என்பேன். பாதி மெஷினை ஒரு வாரம் முன்னாலேயே மன்னார்புரத்துக்குக் கொண்டுபோகலாம், மீதியை ஏகாதசி முடிந்து கழற்றலாம் என்றார் ஆரோக்கியராஜ். இரண்டு இடத்துக்கு நர்ஸ் எங்கே இருக்கிறார்கள் என்று கலைச்செல்வி மடக்கினார். "அந்த ரெண்டு நாளும் யாருக்கும் லீவு கிடையாதுன்னு போட்டுடலாமே" என்று பெரிய டாக்டர் வாய் விட்டார்.

"இல்ல சார்" என்றார் கலைச்செல்வி. "போன வருஷமும் இதே பொண்ணுங்கதான் ஏகாதசிக்கு டூட்டி பார்த்தாங்க. இந்த வருஷமாவது கோயிலுக்குப் போகட்டும்."

அந்த அறையில் நான் கேட்ட முதல் "இல்ல சார்" அதுதான். பாட்டுக் கச்சேரி கேட்ட மாதிரி இருந்தது எனக்கு. பெரிய டாக்டர் பதில் சொல்வதற்குள் ஆரோக்கியராஜ் குறுக்கே வந்தார். "கிறிஸ்துமஸுக்கு லீவு எடுத்த நாங்க இத்தனை பேரு இருக்கோமே? ஏகாதசியை நாங்க பாத்துக்கறோம். பெருமாள் நாளை எங்ககிட்ட விடுங்க சார்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். டீக்கடையில் பார்த்த அந்தப் பூட்டு திறந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இப்போது சொல்வதில் என்ன வெட்கம்?

ஏகாதசிக்கு முந்தின நாள் தில்லை நகர் யூனிட்டில் பாதி அறை காலியாகக் கிடந்தது. மீதிப் பாதியில் ஸ்ரீரங்கத்துக்காரர்கள், திருவானைக்காவல்காரர்கள் எல்லோரும் வந்து படுத்திருந்தார்கள். வேதவல்லி டீச்சர் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏண்டிம்மா கலைச்செல்வி, பாதி மெஷினைக் காணோமே, வித்துட்டேளா?" என்றார். கலைச்செல்வி சிரித்த சிரிப்பு வராந்தா வரை கேட்டது.

மறுநாள் காலை மன்னார்புரத்தில் பத்திரிகையில் போட்ட நேரத்துக்கே பெரிய டாக்டர் விளக்கேற்றினார். முதல் பேஷண்ட் உறையூர் பெரியவர். பிரசாதம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பெரிய டாக்டரின் செல்போன் அடித்தது. டீச்சர். ஸ்பீக்கரில் போட்டார்.

"பரமபத வாசலை டிவியில சேவிச்சேண்டா. பால்காரன் வந்து நேர்ல அழைச்சிண்டு போறேன்னான். நேர்ல போற அவசரம் எனக்கு இல்லைன்னு சொல்லிட்டேன்."

பெரிய டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நடுவில் சிரிப்பு நின்றுவிட்டது. போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், "நீங்க வரவே வேண்டாம் டீச்சர், அங்கேயே சௌக்கியமா இருங்கோ" என்றார். ஒருவர் டர்ன்கூடத் தவறவில்லை. எங்கள் ஆட்கள் ஜெயித்துவிட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை மீட்டிங். சொல்லாமலே டீ முதலில் வந்தது. பெரிய டாக்டர் உட்கார்ந்ததும், "ஞாயித்துக்கிழமையும் யூனிட்டை ஓட்டலாம்னு..." என்று ஆரம்பித்து, சட்டென்று வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "நான் ஒண்ணும் சொல்லலை. கடைசியா சொல்றேன்."

"ஞாயித்துக்கிழமை காலைல முடியாது சார். நான் சர்ச்சுல பூசைக்குப் போகணும். மத்தியானத்துக்கு மேலன்னா பேசலாம்" என்றார் ஆரோக்கியராஜ், நிமிர்ந்து உட்கார்ந்து.

"அப்பாடா! இதைக் கேக்க இவ்வளவு நாள் ஆச்சு" என்றார் பெரிய டாக்டர். பிறகு அரை மணி நேரம் வாதம் நடந்தது. சத்தம்கூடக் கொஞ்சம் உயர்ந்தது. கடைசியில் ஞாயிறு மத்தியானம் என்று முடிவானது. முடிந்ததும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

நான் மட்டும் சும்மா தெருவைத் தாண்டிப் போனேன். டீக்கடைக்காரர் பாலைக் கொதிக்க வைத்துக்கொண்டு எங்கள் வாசலையே பார்த்தபடி நின்றிருந்தார்.

"என்ன மேடம், யாரையும் காணோம்? இன்னைக்கு மீட்டிங் இல்லையா?"

"இன்னைக்குத்தாங்க மீட்டிங் நடந்துச்சு" என்றேன்.